இருவரும் தலையசைத்தார்கள்

செல்வமணி காலமான செய்தியை அவருடைய தங்கை வசந்தாதான் போனில் சொன்னார். சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாண்ணே," என்றார். அம்மா இறந்ததிலிருந்து அக்காவோடு பேசாதிருந்தவர் அவர்.

சமரச மையத்தில் செல்வமணியோடு வேலை பார்த்த நமக்கெல்லாம் அந்தக் கொட்டாம்பட்டி அண்ணன் தம்பி வழக்கு நினைவிருக்கும். தம்பி வரப்பை வெட்டி நகர்த்திவிட்டார் என்று அண்ணன் சாதித்தார். சர்வேயர் அளந்து, வரப்பு நகரவே இல்லை என்று சொன்ன பிறகும் அதையேதான் சொன்னார். பொய்யர் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். செல்வமணி மட்டும் அவரிடம், "தம்பி அப்படிச் செய்யலைன்னே வச்சுக்குவோம். உங்களுக்கு என்ன போச்சு?" என்று கேட்டார். அதற்கு அவர், "அப்ப அவன் மக கல்யாணத்துக்கு நான் போகாம இருந்தது எதுக்கு?" என்றார்.

வெளியே வந்ததும் செல்வமணி சொன்னார்: "பொய் சொல்றவனுக்கு உண்மை எதுன்னு தெரியும்ணே. நெருக்கினா அங்க வந்து நிப்பான். இவருக்குத் திரும்பி வர இடமே இல்ல."

அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் உடனிருந்தேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அக்கா தங்கை இருவரும் தலையசைத்தார்கள். வாடிப்பட்டி வீட்டுக்குப் போன மறுநாளே, மூச்சுக்குத் திணறி அம்மா இறந்தார். காரியம் முடிவதற்குள், கொண்டுவரச் சொன்னது நீதான் என்று ஒருவரையொருவர் சொல்லிப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒருநாள் டீ குடிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு பேருந்தானம்மா தலையாட்டுனீங்க."

"நான் ஆட்டலைண்ணே. பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?"

"இல்ல."

"நானும் நினைக்கல. அதான் பயமா இருக்கு."

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். அதன் பிறகும் எத்தனையோ வீட்டுச் சண்டைகளைத் தீர்த்துவைத்தார். தங்கைக்கு மட்டும் அவரால் போன் செய்ய முடியவில்லை.

துக்க வீட்டில் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு அக்காதானே சரின்னா? நீங்க பாத்தீங்கள்ல?"

ஆமாம் என்றால் நான் பொய்யன். இல்லை என்றால், அக்கா உயிரோடிருந்த காலமெல்லாம் பேசாமலிருந்ததை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? "ரெண்டு பேருந்தாம்மா," என்றேன்.

"நான் இல்லைண்ணே." கையை விட்டுவிட்டார். குரலில் துளியும் கள்ளமில்லை.

செல்வமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தயக்கம். யாரையும் பொய்யர் என்று சொல்ல இப்போது வாய் வருவதில்லை. அந்த அறையில் இருவருமே தலையசைத்தார்கள் என்று அடித்துச் சொல்லிவந்த நானும், வசந்தாவின் முகத்தைப் பார்த்த பிறகு, அதைச் சொல்லும் முன் கொஞ்சம் நிற்கிறேன்.