கரட்டில் ஏறிய வேலுத்தாய் அக்கா

ஆண்டிபட்டி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். வேலுத்தாய் அக்காவின் மருமகள் அழைத்தாள். "அத்தை காலையில எந்திரிக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டாக."

கிராமச் செவிலியர்களாக அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவருடைய வாய்த்துடுக்கு தெரியும். கரட்டில் நடந்ததை மட்டும் அவர் பேசியதே இல்லை. கூட இருந்த நான் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால், வைகை அணைத் தண்ணீரை ஒட்டிய ஒரு குடியிருப்புக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். பாண்டியம்மா என்ற பெண் அலறிக்கொண்டு பின்னாலிருந்த கரட்டில், அந்தப் பாறைக்குன்றில், ஏறினாள். அரிவாளோடு துரத்தியவன் அவள் புருஷன். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

"குடும்பச் சண்டை. நீங்க ஏன் போறீக?" என்று ஒருவர் தடுத்தார்.

"வெட்டுன பெறகு கட்டுப் போட என்னையத்தானே கூப்பிடுவீக? இப்பவே போறேன்" என்று அக்கா ஏறினார்.

நானும் பின்னால் ஓடினேன். பாதை கிடையாது. இடுப்பளவு சுக்குநாறிப்புல், காலடியில் சரியும் கல். உச்சிப் பாறைக்குக் கீழே தண்ணீர். பாறை விளிம்பில் பாண்டியம்மா. தோள் பிளந்து ரத்தம் கொட்டியது. அவன் மறுபடி அரிவாளை ஓங்கினான்.

அக்கா பின்னாலிருந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். திரும்பி வீசினான். அவருடைய இடது உள்ளங்கை கிழிந்தது. பிடியை விடவில்லை. வலது கையால் கல்லெடுத்து அவன் மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அரிவாள் விழுந்தது. மற்ற கையால் அவன் குத்தியதில் அக்காவின் பல் உடைந்தது. நான் அவன் கால்களைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். அதற்குள் ஆண்கள் ஏறிவந்து அமுக்கிப் பிடித்தார்கள்.

பாண்டியம்மாவின் தோளில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ரத்தத்தைப் பாக்காத. அது எங்கன இருந்து வருதுன்னு பாரு" என்று அக்கா என்னை அதட்டி, தன் சேலையைக் கிழித்து அவரே அழுத்திக் கட்டினார். பிறகுதான் தன் கைக்குக் கட்டினார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, சாட்சி சொல்லக்கூடாது என்று அவனுடைய ஆட்கள் வந்து அக்கா வீட்டுக் கதவை உடைத்தார்கள். மறுநாள் கோர்ட்டில் சாட்சி சொன்னார். அவன் சிறைக்குப் போனான். பாண்டியம்மா இப்போது காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். துக்க வீட்டில், அக்காவின் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுக்கும்வரை விடவில்லை.

"பயம்னா என்னன்னே தெரியாத பொம்பள" என்று அங்கே பலரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று பாண்டியம்மாவை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போனபின் அக்கா தண்ணீர் ஓரம் குனிந்து வாந்தி எடுத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏறும்போதே காலு ரெண்டும் நடுங்குச்சுடி. திரும்பிரலாமான்னு பாத்தேன்" என்று அழுதார்.

அந்த நடுங்கிய கால்களைத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன். அவற்றோடுதான் அவர் ஏறினார்.