தையல் மெஷினுக்கு ஒரு ஓட்டு

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் இன்னொரு கம்பெனியில் டெய்லர். துணியை வெட்டுகிறவருக்கு நாட்டையும் வெட்டித் தைத்துவிடலாம் என்ற நினைப்பு வந்துவிட்டது என்று கேலி பேசினேன். ஆனால் காரணம் எங்கள் கிணறு. திருப்பூரை ஒட்டிய அருள்புரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் சோளக்காட்டுக்கும் வீட்டுக்கும் அது ஒன்றுதான். மேட்டில் சாயப்பட்டறை வந்த பிறகு, அங்கே என்ன நிறம் ஓடியதோ அதுவே எங்கள் வாளியிலும் வந்தது. மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே கட்சி. ஒன்று ஆளும்போது மற்றதிடம் போய் அழுவோம். அது வந்ததும் இதனிடம் வந்து அழுவோம். மேடையில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழிக்கும் இரண்டு கட்சி உள்ளூர்த் தலைவர்களும் அந்தப் பட்டறையில் கூட்டாளிகள் என்று பிறகுதான் தெரிந்தது. இவர் அன்றைக்கே நிற்பதென்று முடிவு செய்துவிட்டார்.

சின்னமாகத் தையல் மெஷின் கிடைத்தது. ஊரில் பாதிப் பேர் மெஷினில் உட்கார்ந்து பிழைக்கிறவர்கள், இதைவிட நல்ல சகுனம் உண்டா? மெஷின் படத்தையும் எங்கள் விலாசத்தையும் பெரிதாகவும் ஓட்டுக் கேட்கும் வரியைப் பொடியாகவும் அச்சடித்துத் தெருத்தெருவாக ஒட்டினோம். மறுநாள் விடிந்ததும் வாசலில் கூட்டம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முன்னால் நின்றவர் கேட்டார்:

"ஏனுங்க, கூலி பீஸ் ரேட்டுங்களா, ஷிப்ட்டுங்களா?"

திருப்பூர்ச் சுவரில் மெஷின் படம் இருந்தால் 'டெய்லர்கள் தேவை' என்றுதான் அர்த்தம். நாளெல்லாம் அந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போய்வந்த எங்கள் புத்தியில் அது ஏறவில்லை. விவரம் சொன்னதும் வந்தவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். நல்ல காரியந்தான், ஆனால் ஓட்டு வீணாகிவிடுமே என்று இழுத்தார்கள். அந்த 'வீண்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என்னைப் பெற்றவளும் அதையேதான் சொன்னாள், எங்கள் வீட்டில் லாரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

"மாப்பிள்ளை தங்கமானவருதான் கண்ணு. ஆனா அவருக்குப் போட்டா அந்தக் கட்சிக்காரன் வந்துருவானே."

எவன் வந்தாலும் இதே தண்ணீர்தானே என்று கேட்டேன். அதற்காக அவனை உள்ளே விட முடியுமா என்றாள். அம்மாவிடம் பேசி ஜெயிக்க என்னால் என்றைக்குமே முடிந்ததில்லை.

டெபாசிட் போனது. ஆண்ட கட்சி தோற்று மற்றது வந்தது, ஊரே பட்டாசு வெடித்தது. அந்த வாரம் கிணற்றில் நீலம். இவர் தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த நோட்டீஸைச் சுரண்டப் போனார். பசையைக் கெட்டியாகக் காய்ச்சியவள் நான்தான், அதனால் லேசில் வரவில்லை.

அவர் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே தோளில் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள். நோட்டீஸைப் பார்த்துத்தான் வந்தாளாம். நான் எதையும் விளக்கவில்லை, என் கம்பெனிக்கே கூட்டிப்போகிறேன் என்றேன். கிணற்றைப் பார்த்துக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அதைத் தொடாதே என்று சொல்லி, குடத்திலிருந்து ஒரு சொம்பு மோந்து கொடுத்தேன்.

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏனம்மிணி, உங்க ஊர்லயும் இதே ரண்டு கட்சிதானுங்களா?"

அவள் சொம்பைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"ரெண்டும் இருக்குண்ணே. தண்ணிதான் இல்ல."