கிணற்றின் மேல் கட்டிய அறை

மழை விட்டு, இரும்புலியூரில் எங்கள் தெருவெல்லாம் காய்ந்து புழுதி பறந்தது. எங்கள் வீட்டுப் பின்னறையில் மட்டும் தினமும் காலையில் தரை நனைந்து கிடக்கும். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து படுக்க வேண்டிய அறை. பச்சைப்பிள்ளையை ஈரத்தில் போட முடியுமா? துடைக்கத் துணி எடுத்தால் என் வீட்டுக்காரர் தடுத்தார். மாடி கட்ட வாங்கிய கடனோடு எடுத்த இன்சூரன்ஸ் இருக்கிறது, வெள்ளச் சேதம் என்று கிளெய்ம் போட்டுத் தரையை மாற்றிவிடலாம், சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாதே என்றார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூணு கால்தான்.

சனியன் பிடித்த தண்ணீர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போட்டோ எடுக்கும்போதுதான் கவனித்தேன், ஈரம் வட்டமாக இருந்தது. தாம்பாளத்தைக் கவிழ்த்து வரைந்த மாதிரி அப்படியொரு வட்டம்.

அந்த இடத்தில்தான் எங்கள் கிணறு இருந்தது. மகள் பிறப்பதற்கு முன்பே அதைத் தூர்த்து மேலே அறை கட்டினோம். கிணறு மூச்சு விட வேண்டும் என்று மேஸ்திரி ஒரு பைப்பைத் தரைக்கு மேலே நீட்டி வைத்தார். எடுக்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டும் போனார். நடு அறையில் அசிங்கமாக நிற்கிறதே என்று வீட்டுக்காரர்தான் அப்போதே அதை அறுத்து மேலே டைல்ஸ் ஒட்டினார்.

சர்வேயர் வந்தார். பூமியிலிருந்து ஊறுகிற தண்ணீருக்குப் பாலிசியில் இடமில்லை, இது மழைத்தண்ணீர்தானே என்று கேட்டார். வீட்டுக்காரர் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது எங்கள் காலடியில் ஏதோ நீளமாக மூச்சை இழுத்தது. மூன்று பேருமே தரையைப் பார்த்தோம். யாரும் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குப் பயம் வந்தால் கோபமும் சேர்ந்துதான் வரும்.

"மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். கீழ கிணறு இருக்கு. கிளெய்மே வேணாம்" என்றேன்.

அவர் போனதும் வீட்டுக்காரர் டைல்ஸை உடைத்தார். பைப் வாயிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது, பாசி வாசனையோடு. மறுநாள் தரை உலர்ந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. பைப் வாய்க்கு மேல் கட்டிலைப் போட்டு மறைத்துவிட்டு மகளை அழைத்து வந்தோம். இந்த வீட்டில் கிணறு இருந்ததே அவளுக்குத் தெரியாது.

வந்த மறுநாள் காலையில் காபியை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"விடிய விடிய கட்டிலுக்கடியில தண்ணி இறைச்சுக்கிட்டே இருந்தாங்களே, யாரும்மா அது?"

நான் அவள் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டேன்.