ராக்கெட்டுக்கு ஐம்பது அடிக் கயிறு

ஓய்வு பெற்ற பிறகு ஒன்றரை அடி அட்டை ராக்கெட் ஒன்றைச் செய்து பறக்கவிட்டேன். பெட்டியில் வரும் சாமான். ஒட்டத் தெரிந்தால் போதும். அது மாந்தோப்புக்கு மேலே போய்க் குட்டிப் பாராசூட்டோடு இறங்கியதை என் மச்சானும் பார்த்தான். என் மனைவியின் தம்பி, நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன்.

"இதையே நாலு மடங்கு பெருசா செஞ்சா இன்னா மாமா?"

செய்தோம். சித்தூரில் என் வீட்டுக் கூடத்தில் ஏழு மாதம் வேலை நடந்தது. உடலுக்கு அவன் தறியில் துணி சுற்றும் அட்டைக்குழல். மூக்கை ஒரு தச்சர் கடைந்து கொடுத்தார். பாராசூட்டுக்குத் தன் தறியில் நெய்த சிவப்புத் துணியையே வெட்டி, யாரையும் தொடவிடாமல் அவனே தைத்தான். இரண்டு முறை பிரித்துத் தைத்தான். "மேல போய் இது விரியறத ஒரே ஒரு தபா பாத்துட்டா போதும் மாமா" என்பான். மேலே தள்ளும் மருந்து அடைத்த மோட்டார், உரிமம் உள்ள ஒருவர் மூலமாக, ஒன்றே ஒன்று கிடைத்தது.

வெதுருகுப்பத்துப் பக்கம் கடலை பிடுங்கிய நிலம் ஒன்று காலியாக இருந்தது. "யாரையும் கேக்க வேணாம். காலைல போய் உட்டுட்டு வந்துடலாம்" என்றான் மச்சான். முப்பத்தைந்து வருடம் அனுமதிக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? ஐந்து இணைப்புகளோடு மனு எழுதினேன். விமானநிலையத்தின் தடையில்லாக் கடிதத்துக்காகத் திருப்பதிக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். பிறகு, நான் வேலை பார்த்த அதே கலெக்டர் ஆபீஸில் போய்க் காத்திருந்தேன். கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது, அந்த மேஜைக்காரர் எப்போது லீவு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இப்போது அங்கே சூப்பரின்டெண்டாக இருக்கும் அம்மாள் என்னிடம் வேலை கற்றவர். "சார், ராக்கெட்டுக்கு ரூலே இல்ல. நீங்க கேக்காம உட்டிருந்தா நாங்க வந்து தடுத்திருக்கப் போறமா?" என்றார். ரூல் இல்லாத கோப்பில் சரி என்று எழுதாதே என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

மூன்றாம் மாதம் ஆர்டர் வந்தது. ரூல் இல்லாததால், கிட்டத்தட்டப் பொருந்தும் பழைய ஆர்டர் ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தார்கள். விளம்பர பலூனுக்கானது. ஏழாவது நிபந்தனை: பறக்கும் பொருள் எந்நேரமும் ஐம்பது அடிக்கு மிகாத கயிற்றால் தரையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். தெலுங்கில் நல்ல வாக்கியம். ஒரு துணிக்கடை பலூன் அறுத்துக்கொண்டு மின்கம்பியில் மாட்டிய வருடம் நானே எழுதியது.

திருத்தச் சொல்லிப் போனேன். "மாத்தணும்னா மறுபடி மொதல்லேர்ந்து வரணும் சார்" என்றார் அம்மாள். அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குள் நிலத்தை உழுதுவிடுவார்கள். நிபந்தனைகளை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

குறித்த நாள் காலையில், ராக்கெட்டின் அடியில் மாடு கட்டும் நைலான் கயிற்றை முடிந்து, மறுமுனையை இரும்பு முளையில் கட்டினேன். மேற்பார்வைக்கு வந்த கான்ஸ்டபிள் சுற்றி வந்து பார்த்தார்.

"ராக்கெட்டு எங்கியாவது கயிறோட போவுமா சார்? எருமையா இது?"

"ஆர்டர்ல இருக்கு."

அவர் என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அந்தப் புளியமரத்தாண்ட போன் பேசிக்கினு இருக்கேன். பத்து நிமிசம் ஆவும். இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மச்சான் குனிந்து முடிச்சை அவிழ்த்தான். நான் அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கி மறுபடி கட்டினேன். கட்டும்போதே வேண்டாம் என்று நினைத்தேன். கை நிற்கவில்லை.

"அவரே போய்ட்டாரு மாமா."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்டா."

"உனுக்கு இது பறக்கணுமா வேணாமா?"

"பறக்கணும்."

"அப்பறம்?"

நான் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.  அவன் மோட்டாரிலிருந்து இழுத்திருந்த நீண்ட ஒயரின் கோடிக்குப் போய், நானும் வந்து சேர்ந்ததும், சுவிட்சை அழுத்தினான்.

ஒரு நொடி நேராகத்தான் போனது. அவ்வளவு பெரிய சத்தம் வருமென்று நாங்கள் நினைக்கவில்லை. கயிறு விறைத்தது, ஒரு இறக்கை பிய்ந்தது, ராக்கெட் தலைகீழாகத் திரும்பி மண்ணில் குத்தியது. சில விநாடி கழித்து, உச்சியில் வெடிக்க வேண்டிய சின்ன வெடி தரையில் கிடந்தபடியே நேரம் தவறாமல் வெடித்து, சிவப்புத் துணியை மண்கட்டிகளின் மேல் தள்ளியது.

மச்சான் போய் உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான். "ஒண்ணும் பிரியல" என்றான், என்னைப் பார்க்காமல்.

கான்ஸ்டபிள் திரும்பி வந்தார்.  நிபந்தனைப் படிவத்தை நீட்டினார். ஏழுக்கு நேராக 'பின்பற்றப்பட்டது' என்று எழுதினேன். அதற்குள் மச்சான் துணியை உதறி, நான்காக மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.