ரத்தப் பிரிவு: எக்ஸ்எல்

எனக்குக் கோபம் வந்தால் கம்ப்யூட்டரைத்தான் திட்டுவேன், அது திருப்பித் திட்டாது என்பதால். அந்த முறை அது முன்கூட்டியே எச்சரித்திருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. தொழிலாளர் விவரங்களை வைத்திருக்கும் சாஃப்ட்வேர் என் பொறுப்பு. புதுச் சீருடை வருகிறது, சட்டை அளவையும் சேர்த்துவிடு என்றார் மேனேஜர். இதென்ன பெரிய வேலை என்று, ரத்தப் பிரிவுக்கு எழுதியிருந்த வரியை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். அந்த விவரம் டேபிளில் எந்தக் கட்டத்தில் போய் உட்கார வேண்டும் என்பதை மாற்ற மறந்துவிட்டேன். ஒரே கட்டத்துக்கு ரத்தமும் சட்டையும் உரிமை கொண்டாடுகின்றன, ஒன்றை எழுதவிடாமல் 'படிக்க மட்டும்' என்று வை, இல்லாவிட்டால் ஓடமாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. ரத்தத்தைப் படிக்க மட்டும் என்று வைத்தேன், வாயை மூடிக்கொண்டது. எல்லாருடைய சட்டை அளவையும் ஏற்றி, புது அடையாள அட்டைகளையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராயபுரத்துக்காரர் ஒருவர் தன் அட்டையை என் மேசைமேல் வைத்தார். கப்பலில் கன்டெய்னர்களை இழுத்துக் கட்டும் வேலை அவருக்கு, ஒன்பது வருடமாக. அன்று பத்து மணிக்குத் துறைமுகத்துக்குள் கன்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டுவதற்கான தேர்வு. தவறினால் இன்னும் ஒரு வருடம் கயிறும் கம்பியும்தான். துறைமுக கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. அட்டையில் ரத்தப் பிரிவு: எக்ஸ்எல்.

"நான் கொஞ்சம் குண்டாத்தான் கீறேன் சார். அதுக்காக ரத்தத்துக்குமா சைஸ் போடுவ?"

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். சட்டைக்குத் தனிக் கட்டம் போட ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் ரத்தத்தின் மேல் சட்டை ஏறி உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். பழைய நகல் தலைமை அலுவலகத்திலிருந்து வர மதியமாகும் என்றார்கள். ஓ நெகட்டிவ் என்று அவரே சொன்னார். வாய்வார்த்தை செல்லாது, அத்தாட்சி வேண்டும் என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார் சேஃப்டி ஆபீசர்.

ராயபுரத்துக்காரர் அசரவில்லை. கொருக்குப்பேட்டையில் தான் ஆடும் கேரம் கிளப்புக்குப் போன் போட்டார். அங்கே எல்லாருடைய போனிலும் ஆளின் பெயரோடு ரத்தப் பிரிவையும் சேர்த்தே பதிந்துவைத்திருப்பார்களாம், அவசரத்துக்குத் தேடக் கூடாதே என்று. அவர் ரத்தம் கொடுத்த சான்றிதழின் படம் இரண்டே நிமிடத்தில் வந்தது. பெயரையும் ரத்தத்தையும் ஒரே இடத்தில் போட்டும் அவர்களுக்குக் குழப்பமில்லை. இதைப் படித்துச் சம்பளம் வாங்குகிற எனக்குத்தான்.

அட்டை அச்சாகும்போது மெல்லச் சொன்னார்: "இந்த ரத்தம் ஏழு பேருக்குப் போய்க்கீது சார். உன் மெஷின்லதான் சட்டையா பூட்ச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பதே முக்காலுக்குப் பைக்கில் கிளம்பினார்.

மதியம் வந்தார். தேறிவிட்டார். என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "உன் குரூப்பு இன்னா சார்?" என்றார்.

தெரியாது என்றேன். போனில் எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'ரத்தம் தெரியாத சார்' என்று பதிந்திருந்தார்.