முட்டுக்கம்புகளுக்கு நடுவே அக்கா

சில வருடங்களுக்கு முன்பு, பாளையங்கோட்டையை ஒட்டிப் புதிதாக உருவான ஒரு குடியிருப்பில் நாங்கள் வீடு கட்டினோம். நாங்கள் என்று சொன்னாலும் அங்கே நின்றது நான் மட்டும்தான். கணவர் குவைத்தில் இருந்தார். விடுமுறையில் வந்தவர் மனை பார்த்து, பூஜை போட்டு, காண்ட்ராக்டரிடம் பேசி முடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

நான் அலுவலகம் விட்டதும் டவுன் பஸ் பிடித்து மனைக்குப் போவேன். காண்ட்ராக்டர் மோசமான மனிதர் இல்லை, சுறுசுறுப்பானவர். ஆனால் நான் எதைக் கேட்டாலும், "சார்ட்ட போன்ல பேசிக்கிடுதேன் மேடம்" என்று முடித்துக்கொள்வார். என் வீட்டில் நானே விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றுவிட்டு வருவேன்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா வாடகைக்கு இருந்தார். ராதாபுரம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய கணவர் லாரி ஓட்டினார், வீட்டில் இருப்பதே அபூர்வம். கட்டட வேலைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்கப் போனபோதுதான் பழக்கம். கேட்டு முடிப்பதற்குள் குழாயில் ஓஸ் பைப்பை மாட்டி, மதிலுக்கு மேலே எங்கள் பக்கம் போட்டுவிட்டார். அதன்பிறகு பகலெல்லாம் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டது அவர்தான். மழை தூறினால் ஓடிவந்து சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடுவார். சாயங்காலம் நான் போனதும் காப்பி வரும். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, இருட்டும் வரை பேசிக்கொண்டிருப்போம்.

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த சமயம், அக்கா அடுக்களைக்குள் போய் நின்று பார்த்தார். "இங்கன ஒரு சன்னல் வைக்கச் சொல்லு. தாளிக்கிற நெடியும் போவும், காத்தும் வரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நமக்குன்னு ஒரு அடுக்களை இருந்தா எப்படி இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. அது நன்றாக இறுகும் வரை அடியில் அதைத் தாங்கப் பலகையும் முட்டுக்கம்பும் நிற்க வேண்டும். ஆனால் காண்ட்ராக்டருக்கு வேறோர் இடத்தில் அவசர வேலை வந்துவிட்டது, அதற்கு இதே பலகைகள் தேவைப்பட்டன. ஒருநாள் மத்தியானம் அக்கா என் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"ஒடனே கெளம்பி வா. பலகையைப் பிரிக்க வந்துட்டாவ. இன்னும் நாள் கெடக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்களெல்லாம் வெளியே நின்றார்கள். உள்ளே முட்டுக்கம்புகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முருங்கைக்கீரை உருவியபடி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிக்க மாட்டேங்காவ மேடம்" என்றார் காண்ட்ராக்டர். "தளம் நல்லா எறுகிட்டு. ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னா பிரிங்க தம்பி" என்றார் அக்கா, தலை நிமிராமல். "நான் இங்கனயே இருக்கேன்."

"இது உங்க வீடு கெடையாது, தெரிஞ்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, என் கணவரைக் கூப்பிடக் காண்ட்ராக்டர் போனை எடுத்தார்.

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. குனிந்து உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "சார்ட்ட பேச வேண்டாம், என்கிட்ட பேசுங்க. சொன்ன நாள் முடியாம ஒரு கம்பையும் எடுக்கக்கூடாது" என்றேன்.

காண்ட்ராக்டர் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு ஆட்களை வண்டியில் ஏறச் சொன்னார்.

அவர்கள் போனபிறகுதான் கவனித்தேன். அக்காவின் மடியில் இலையும் காம்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. "எங்க அண்ணனுக்கு இப்படி அவசரமாப் பிரிச்சு, தளம் விழுந்துதான் காலு போச்சு" என்றார். "உள்ள வந்து உக்காந்ததுலேருந்து எனக்கு உசுரே இல்ல, பாத்துக்க."

காண்ட்ராக்டர் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு வரவில்லை. பிறகு வந்தார். நாள் பார்த்துப் பலகையைப் பிரித்தார், மிச்ச வேலையையும் குறையில்லாமல் செய்தார். முக்கியமாக, எதையும் என்னிடமே கேட்டார்.

பூச்சு வேலை நடக்கும்போது அக்காவின் கணவருக்குக் கண்பார்வை மங்கி, லாரி ஓட்ட முடியாமல் போனது. திருப்பூரிலிருந்த மகன் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கிளம்பும் அன்று அக்கா ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். ஈரம் காயாத சுவரில் மெதுவாகக் கையை வைத்து எடுத்தார். "பால்காய்ப்புக்கு வாரேன்" என்றார். ஆனால் நாங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று அவரால் வர முடியவில்லை. அன்று காலையில் போன் செய்து, "பால் பொங்கிட்டா? நல்லா இரு தாயி" என்று மட்டும் சொன்னார். சில மாதங்களில் அந்த எண்ணும் வேலை செய்யவில்லை. விசாரிக்க எனக்கு யாரையும் தெரியவில்லை.

இப்போது கணவர் ஊரோடு வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், நல்லவர்கள்தான். ஆனாலும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் நடை தானாக வேகமெடுக்கிறது. தெரு திரும்பியதும்தான் அக்கா இல்லையென்பது நினைவுக்கு வரும். எப்போது முடியும், எப்போது முடியும் என்று ஒவ்வொரு நாளும் தவித்துக் கட்டிய வீடு இது. இன்னும் கொஞ்ச காலம் முடியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.