ஒரே நூல், இரண்டு மாங்காய்

பூவேலைக்கான ஆரி ஊசியைப் பிடித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது சகினாவுக்கு. மயிலாப்பூரில் அவள் வீட்டு முன்னறையை ஒரு மரச்சட்டம்தான் அடைத்துக்கொண்டிருக்கும். கல்யாண ரவிக்கைத் துணியை அதில் இழுத்துக் கட்டி, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, அதில் விரல் நீளத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டி, அதற்குள் மட்டும் தைப்பாள். கை வேர்வை ஒட்டினால் பட்டுத்துணி பாழாச்சே! வேலை நகர நகர ஜன்னலும் நகரும். சகினா தைத்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஒரு பேர். அந்தப் பேரைத் தவிர அவளுக்கு வேறு சொத்து கிடையாது. போன திங்கட்கிழமை அதில் மண் விழப் பார்த்தது.

வந்தவள் அன்புக்கரசி, நந்தனத்தில் இட்லிக்கடை நடத்துகிறவள். அவளுக்கு இரட்டைப் பெண்கள். வெள்ளிக்கிழமை ஒரே மேடையில் இரண்டு பேருக்கும் கல்யாணம். பெரியவளுக்குக் கருநீல ரவிக்கை, சின்னவளுக்கு மஞ்சள். இரண்டின் கையிலும் ஒரே பச்சையில் பெரிய பெரிய மாங்காய்ப் பூவேலை வேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். சகினா இரண்டையும் அப்போதுதான் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

"இன்னா சகினா இது? நீலத்துல பச்சை ஜொலிக்குது, மஞ்சள்ல அழுது வடியுது! பழைய நூலைச் சின்னவ தலையில கட்டிட்டியா?"

"அல்லா மேல சத்தியமா ஒரே நூல்தான்க்கா!"

"எனக்குக் கண்ணு கீது. ஏற்கெனவே அவ, எனக்குத்தான் எப்பவும் கம்மின்னு மூக்கால அழுவா. இதைப் பார்த்தா மேடை ஏறுவாளா?"

சகினா பார்த்தாள். அன்புக்கரசி சொன்னதில் பொய்யே இல்லை. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தாள். அங்கே இன்னும் மோசம். ஒருவேளை தப்பான நூலைத்தான் கோத்துவிட்டோமோ? பாவி, தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

மனசு விட்டுப்போய், மூடியாவது வைப்போம் என்று வெள்ளைத் துணிகளை எடுத்து இரண்டின் மேலும் போர்த்தினாள். ஜன்னல்கள் இரண்டும் மாங்காயின் நட்டநடுவில் விழுந்தன. நீலமும் மறைந்தது, மஞ்சளும் மறைந்தது.

"யா அல்லா!"

இரண்டு ஜன்னலிலும் ஒரே பச்சை. இம்மி வித்தியாசம் இல்லை! விலக்கினாள், வேறு வேறாக இருந்தது. மூடினாள், ஒன்றாக இருந்தது. மறுபடி விலக்கினாள், மூடினாள். இத்தனை வருஷமாக வெள்ளை ஜன்னலுக்குள்ளேயே நூலைப் பார்த்தவள். பக்கத்து நிறம் இப்படியொரு வேலை பார்க்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்புக்கரசியும் கோபம் மறந்து குனிந்து, பத்துத் தடவை மூடித் திறந்தாள். "இன்னாடி மாயம் இது! நூல் ஒண்ணேதான். பேசக்கூடாததைப் பேசிட்டேன், மன்னிச்சுக்கம்மா."

பேர் பிழைத்தது, சரி. ஆனால் மேடையில் எவள் ஜன்னல் வைத்துப் பார்க்கப்போகிறாள்? சகினா நூல் பெட்டியைக் கவிழ்த்தாள். இருக்கிற பச்சையையெல்லாம் ஒவ்வொன்றாக மஞ்சள் துணிமேல் வைத்துப் பார்த்து, இரண்டு படி இளசான, பளிச்சென்ற ஒரு பச்சையைப் பொறுக்கினாள். சின்னவளின் மாங்காய்களை மட்டும் பிரித்து மறுபடி தைத்தாள். வியாழக்கிழமை மதியம்தான் முடிந்தது. அன்புக்கரசி வாங்கிப்போக வந்தாள்.

விரித்தால் இரண்டும் அச்சு அசலாக ஒரே பச்சை. ஜன்னலைப் போர்த்தினால் வேறு வேறு! "படைச்சவனே, எங்க கண்ணுக்குள்ள இன்னா இன்னா வெச்சிருக்கே!" என்று சகினா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

அன்புக்கரசி சிரிக்கவில்லை. "சின்னவளுக்குக் கொஞ்சம் கூடப் போட்டாத்தான் ரெண்டும் சமமாத் தெரியுது, இல்ல?"

"ஆமாக்கா."

"பொறந்ததுலேருந்து ரெண்டு பேருக்கும் அளந்து அளந்து ஒரே மாதிரிதான் குடுத்தேன், சகினா. எனக்குக் கம்மின்னு அவ அழுவும்போதெல்லாம், பொய்யாடி சொல்றேன்னு அடிச்சிருக்கேன்."

மஞ்சள் ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னவளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அன்புக்கரசி போனை வைக்கவில்லை.